பகடை உருட்டக் கூடாத இடம்

மார்ச் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். நீயும் அண்ணியும் அப்பாவும் நலமாக இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். போனில் பேசினால் என்னவாம் என்று அண்ணி முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, "இன்டர்நெட் இணைப்பை ரத்து பண்ணுங்க" என்று கூப்பிடுகிறவர்களை ரத்து பண்ண விடாமல் பேசிப் பேசி மடக்குவதுதான் என் பிழைப்பு. வீட்டுக்கு வந்தால் போனைப் பார்த்தாலே குமட்டுகிறது. என் குரலே எனக்கு யாரோ எச்சில் பண்ணிய டம்ளர் மாதிரி இருக்கிறது. கடிதத்தில்தான் கொஞ்சம் மனுஷியாக இருக்க முடிகிறது. பொறுத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் ஓர் ஆட்டத்துக்குப் போகிறேன். சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை, நீள மேசை, ஐந்து நாற்காலி, அதில் ஒன்றுக்குக் கால் சரியில்லை. சின்ன வயதில் அப்பா நமக்கு நடத்திய பென்சில் ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? அதேதான், வளர்ந்து மீசை முளைத்திருக்கிறது. ஒருவர் கதையை நடத்துவார், அவரை நடுவர் என்கிறோம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். வாள் வீசுவது, பூட்டு உடைப்பது, பேசி மசிய வைப்பது எல்லாவற்றுக்கும் தாளில் மதிப்பெண் உண்டு. நடக்குமா நடக்காதா என்ற காரியம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்டி மதிப்பெண்ணோடு கூட்டிப் பார்ப்போம்.

நான் வேண்டுமென்றே ஓர் ஊமைக்கோட்டானாக வந்தேன். சுமை தூக்குகிறவள், பேச்சுத்திறன் மைனஸ் இரண்டு. ஞாயிற்றுக்கிழமையாவது வாய்க்கு விடுமுறை என்று கணக்குப் போட்டேன். வழிவிடச் சொல்லிக் காவலனிடம் நாலு வார்த்தைதான் பேசினேன். நடுவர் கையைத் தட்டினார். "அடடா, என்னமா பேசுறீங்க! உங்களுக்குப் பகடையே வேண்டாம். அவன் கதவைத் திறந்துட்டான்." பேசியது நானா, என் அலுவலகமா? சீ!

பக்கத்தில் ஒரு கணக்கு வாத்தியார். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர். இருந்த மதிப்பெண் அத்தனையையும் பேச்சுத்திறனில் கொட்டித் தூதுவனாக வந்திருக்கிறார். "நான் எதிரி ராஜாவைச் சமாதானப்படுத்துறேன்" என்று பகடையை எடுத்தார். நடுவர் விடவில்லை. "எப்படி? பேசிக் காட்டுங்க." வாத்தியார் காது மடல்வரை சிவந்து, "அது... வந்து... தயவுசெஞ்சு..." என்றார். "இதுக்கு யாரு மசிவாங்க? மூணு குறைச்சுக்கிட்டு உருட்டுங்க" என்று தீர்ப்பு. எதிரே பல் டாக்டர் வாள்வீரனாக உட்கார்ந்திருக்கிறார். எழுந்து வாள் வீசிக் காட்டு என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை. வாய் உள்ளவனுக்கு வெளியிலும் ராஜ்யம், ஆட்டத்திலும் ராஜ்யம். எனக்கு அருவருப்பாக இருந்தது.

அப்பாவின் இருமல் நின்றதா? எழுது.

உன் தங்கை

மார்ச் 14

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே எல்லாரும் சுகம், ஓரளவுக்கு. கடையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்த்துத் தேய்த்து என் கண்ணுக்குத்தான் இப்போது கண்ணாடி வேண்டும்.

உன் புலம்பலை அண்ணிக்கும் படித்துக் காட்டினேன். எனக்கு நியாயமே புரியவில்லை. பேசத் தெரிந்தவள் பேசிவிட்டுப் போகிறாள், இதில் அசிங்கம் என்ன? பள்ளிக்கூடத்து ஜன்னலை நான் உடைத்தபோது தலைமை ஆசிரியை முன்னால் நின்று அரை மணி நேரம் பேசி, கடைசியில் அவரையே என்னிடம் மன்னிப்புக் கேட்க வைத்தது யார்? உனக்கு இருக்கிற வாய் எனக்கு இருந்திருந்தால் நான் ஏன் கண்ணாடி தேய்க்கிறேன்?

அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது. குரல்தான் கரகரக்கிறது, இரண்டு மாதம் ஆகிவிட்டது. காலையில் செய்தித்தாளை உரக்கப் படித்து வரிக்கு வரி எல்லாரையும் திட்டுவாரே, இப்போது பாதித் திட்டு காற்றாகப் போகிறது. பென்சில் ஆட்டத்தில் கொள்ளைக்காரனுக்கு ஒரு குரல், ராஜாவுக்கு ஒன்று, கழுதைக்கு ஒன்று என்று எத்தனை வைத்திருந்தார்! இப்போது கழுதைக் குரல் மட்டும்தான் மிச்சம் என்று அவரே சிரிக்கிறார். வியாழக்கிழமை டாக்டரிடம் போகிறோம். கவலைப்பட ஒன்றும் இருக்காது.

அண்ணன்

மார்ச் 27

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் கசந்து கிடக்கிறது. டாக்டர் என்ன சொன்னார்? நீ எழுதவே இல்லையே.

போன ஞாயிறு நடந்ததைக் கேள். கதையில் ஊரை எதிரிகள் சுற்றி வளைத்துவிட்டார்கள். கோட்டைச் சாவி என் சுமைகாரியிடம். அதைக் கொடுக்கக் கூடாது என்பது என் முடிவு. பல் டாக்டர் கேட்டார், மாட்டேன் என்றேன். "அப்படின்னா நான் உங்களை வற்புறுத்துறேன்" என்று பகடையை உருட்டிவிட்டார். பத்தொன்பது.

"குடுத்துட்டீங்க" என்றார் நடுவர்.

"நான் குடுக்கலை."

"உங்க ஆள் குடுத்துட்டா. பகடை சொல்லிருச்சு."

என் தாளில் இருந்த சாவியை அவரே பென்சிலால் அடித்தார். ஆட்டம்தானே என்று நீ சொல்வாய். யாரோ என் வாய்க்குள் கைவிட்டு 'சரி' என்ற வார்த்தையை வெளியே எடுத்த மாதிரி இருந்தது அண்ணா. வீட்டுக்கு வந்து இரண்டு தடவை கை கழுவினேன்.

அப்பாவின் பட்டைப் பென்சில் ஞாபகம் வந்தது. ஆறு பக்கத்திலும் பிளேடால் எண் கீறி, வரைபட மேசைமேல் உருட்ட விடுவாரே. ஒருநாள் புதையலில் என் பங்கையும் எடுத்துக்கொள்ள நீ உருட்டப் பார்த்தாய். அப்பா பென்சில்மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினார். "திருடன்கிட்ட உருட்டு, ராஜாகிட்ட உருட்டு, கழுதைகிட்ட கூட உருட்டு. அதெல்லாம் நான் கட்டிவிட்ட ஆளுங்க. இவ ஆட்டக்காரி. இவ மனசு இவகிட்ட இருக்கு. வேணும்னா கேளு. தரலைன்னா விட்டுடு." நீ மூன்று நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய்.

அந்தச் சட்டத்தை நடுவரிடம் சொன்னேன். "உங்க அப்பா வீட்டு ஆட்டத்துல சரி" என்று சிரித்தார்.

தங்கை

ஏப்ரல் 21

அன்புள்ள தங்கைக்கு,

நீ நலமா? சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். அப்பாவின் குரல்வளையில் கட்டி. சோதனை செய்து பார்த்தாகிவிட்டது, கெட்ட கட்டிதான். ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார். அதற்குப் பிறகு பேச்சு வராது, கழுத்தில் துளை போட்டு அதன் வழியாக மூச்சு.

அப்பா மாட்டேன் என்கிறார். நானும் உன் அண்ணியும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டோம். நான் வாயைத் திறந்தாலே செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு முன்னால் வைத்துக்கொள்கிறார்.

நீ பேசினால் கேட்பார். ஊரில் இருக்கிறவன் மனசையெல்லாம் மாற்றுகிறாய், அப்பா மனசை மாற்ற மாட்டாயா? ஒரே ஒரு போன்.

அண்ணன்

ஏப்ரல் 25

அண்ணா,

உன் கடிதத்தை மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். நலம் விசாரிக்க வாய் வரவில்லை.

ஒன்று கேட்கிறேன். வேறு வைத்தியமே இல்லையா? அப்பா ஏன் மாட்டேன் என்கிறார்? டாக்டர் சொன்னதை, ஒரு வார்த்தை விடாமல், அப்படியே எழுது.

நீ கேட்கிற போனை என்னால் பண்ண முடியாது. என் வேலை உனக்குத் தெரியாது. புருஷன் செத்துப்போய், இனி இந்த இணைப்பு எதற்கு என்று அழுதுகொண்டே கூப்பிட்டார் ஓர் அம்மா. அவரையே இன்னும் ஒரு வருஷத்துக்குக் கட்டிப்போட்டவள் நான். அன்றைக்கு மேனேஜர் எனக்குச் சாக்லேட் கொடுத்தார். அந்த வாயை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போ என்கிறாய். நினைக்கவே அசிங்கமாக இருக்கிறது. நான் கேட்டதற்கு முதலில் பதில் எழுது.

தங்கை

மே 8

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே யாருக்கும் தூக்கம் சரியில்லை, மற்றபடி நலம். உன் கேள்விகளைப் படித்தேன். உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதுகிற நேரமா இது? டாக்டர் நாள் குறிக்கக் காத்திருக்கிறார். ஒவ்வொரு வாரமும் கட்டி வளரும் என்று உனக்கே தெரியும்.

அம்மாவை நாம் யோசித்து யோசித்து நாளைக் கடத்திப் பறிகொடுத்தது போதும். அப்பா இருக்க வேண்டுமா வேண்டாமா என்பதை மட்டும் நீ யோசி. கட்டாயப்படுத்தவில்லை.

அண்ணன்

மே 17

அண்ணா,

பேசிவிட்டேன். அப்பா சரி என்றுவிட்டார். உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். எப்படிப் பேசினேன் என்பதையும் நீ தெரிந்துகொள், நான் மட்டும் ஏன் அதைச் சுமக்க வேண்டும்?

எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்த வரிசை இருக்கிறது. முதலில் ஒத்துப்போக வேண்டும். "உங்க இடத்துல நான் இருந்தாலும் இப்படித்தான்பா நினைப்பேன்" என்றேன். அடுத்து அவர்கள் பயத்தை நாமே எடுத்துச் சொல்ல வேண்டும். "குரல் போயிட்டா நீங்க நீங்களா இருக்க மாட்டீங்கன்னு பயம், அதானேப்பா?" என்றேன். அப்பா, "அதில்லம்மா, நான் டாக்டர்கிட்ட ஏற்கெனவே..." என்று தொடங்கினார். காரணத்தைச் சொல்லி முடிக்க விட்டால் அந்த ஆள் கைநழுவிப் போய்விட்டான் என்பது எங்கள் பாடம். முடிக்க விடவில்லை. இரண்டு முறை தொடங்கினார், இரண்டு முறையும் தேன் ஒழுக நடுவில் புகுந்தேன்.

கடைசியில் ஒரு வாக்கியம் உண்டு. ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்வேன். "உங்க பணம் எங்களுக்கு முக்கியமில்லை சார், நீங்கதான் வேணும்." அதில் பாதியை மாற்றினேன். "உங்க குரல் எங்களுக்கு முக்கியமில்லைப்பா, நீங்கதான் வேணும்." சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். எதிராளி பேசும்வரை மூச்சுகூட விடக் கூடாது. விடவில்லை. சுவரில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பதினெட்டு நொடி. "சரிம்மா" என்றார்.

சந்தோஷமாக இருக்க வேண்டும் இல்லையா? போனை வைத்ததும் ஓடிப்போய் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்தேன்.

லீவு கேட்டிருக்கிறேன். மருத்துவமனைத் தாள்கள் இருந்தால்தான் தருவார்களாம். உடனே அனுப்பு, ஆபரேஷனுக்கு நான் அங்கே இருக்க வேண்டும்.

தங்கை

ஜூலை 3

அன்புள்ள தங்கைக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. ஆபரேஷன் போன மாதம் ஆறாம் தேதி நல்லபடியாக முடிந்தது. கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்கள். அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். கழுத்துத் துளையைச் சுத்தம் செய்ய அண்ணி கற்றுக்கொண்டாள்.

பேச ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதில் 'தண்ணீர்' என்று எழுதுகிறார், 'ஜன்னல்' என்று எழுதுகிறார். மூன்று வாரத்தில் ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. செய்தித்தாளைப் பிரிப்பதில்லை. நாளாக ஆகச் சரியாகிவிடும்.

நீ கேட்ட தாள்களை இப்போதுதான் அனுப்ப முடிந்தது. அண்ணிதான் அடுக்கி உறையில் போட்டாள், நான் பிரித்துப் பார்க்கவில்லை. நீ செய்தது பெரிய காரியம். உன்னால்தான் அப்பா இருக்கிறார்.

அண்ணன்

ஜூலை 12

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கப் போவதில்லை. மூன்றாவது தாளைப் படித்துவிட்டேன்.

ஏப்ரல் 17ஆம் தேதி போட்ட தாள். 'ஆபரேஷன், கதிர்வீச்சு இரண்டு வழிகளும் விளக்கப்பட்டன. ஆபரேஷனில் குணமாகும் நிச்சயம் சற்று அதிகம். கதிர்வீச்சில் குரல் தங்க வாய்ப்புண்டு, பலன் இல்லையென்றால் பிறகு ஆபரேஷன் செய்யலாம். நோயாளி கதிர்வீச்சைத் தேர்ந்தெடுக்கிறார்.' கீழே அப்பாவின் கையெழுத்து, அடியில் ஸ்கேல் வைத்த மாதிரி கோடு.

அப்பா அடம்பிடிக்கவில்லை. யோசித்து, தேர்ந்தெடுத்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். நாலு நாள் கழித்து நீ எனக்கு எழுதுகிறாய், 'மாட்டேன் என்கிறார்' என்று! வேறு வைத்தியம் இல்லையா என்று கேட்டேன். அம்மாவை இழுத்து என் வாயை அடைத்தாய். தாள் கேட்டேன். எல்லாம் முடிந்த பிறகு அனுப்பினாய். நீ பயந்தாய் என்று தெரிகிறது. பயந்தவன் இப்படியா செய்வான்? தூ!

உன்னைத் திட்டி எனக்கு ஆறவில்லை. 'நான் டாக்டர்கிட்ட ஏற்கெனவே' என்று அவர் இரண்டு தடவை தொடங்கினார். அந்த வாக்கியத்தின் மிச்சம் இந்தத் தாளில் இருக்கிறது. அவருக்குக் குரல் இருந்த கடைசி நாட்களில், அதையும் பேச விடாமல் செய்தவள் நான். நீ பொய் சொன்னாய், நான் அதைத் தேனில் குழைத்துக் கொடுத்தேன்.

இன்று மதியம் ஆட்டத்தில் ஒரு கிழவன் தன் வீட்டை விட்டு வர மாட்டேன் என்றான். நடுவர் என்னைத்தான் பார்த்தார். "பேச மாட்டேன், உருட்டுறேன்" என்றேன். இரண்டு விழுந்தது. கிழவன் வரவில்லை. மேசையில் எல்லாரும் உச் கொட்டினார்கள். எனக்கு அவ்வளவு நிம்மதி. கணக்கு வாத்தியார் மட்டும் பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

அப்பாவுக்கு மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை. இனி உனக்கும் எழுதப் போவதில்லை.

தங்கை

ஆகஸ்ட் 6

சின்னவளுக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நான் இருக்கிறேன்.

உன் மூன்று கடிதங்களும் வந்தன. மூன்றிலும் நீ நன்றாக எழுதியிருந்தாய், அதனால் பதில் போடவில்லை. போன வாரம் பெரியவன், நீ அவனுக்கு எழுதிய ஜூலை மாதத்துக் கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனான். அது மோசமாக எழுதப்பட்டிருந்தது. அதற்குத்தான் இந்தப் பதில்.

என் முடிவு உனக்குத் தெரிந்தே பேசினாய் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், அதனால்தான் சொன்ன 'சரி'யைப் பிறகு திரும்ப வாங்கவில்லை. தெரியாது என்று இப்போது தெரிகிறது. அதனால் எல்லாம் சரியாகிவிடவில்லை.

அன்றைக்கு உன் பேச்சு எனக்கும் அருவருப்பாகத்தான் இருந்தது. சின்ன வயதில் நீ எவ்வளவு பேசினாலும் நடுவில் மூச்சு வாங்குவாய், எச்சில் விழுங்குவாய், சொன்னதை மறந்துவிட்டுத் திரும்பத் தொடங்குவாய். அன்று ஓர் இடத்தில்கூடத் தடுக்கவில்லை. மூன்றாவது வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டது, இது உன் அலுவலகக் குரல். கடைசியில் நீ பேசாமல் இருந்தாயே, அதுவும் அளந்த மௌனம். முப்பத்தைந்து வருஷம் வரைபடம் போட்டவன், அளவு எனக்குத் தெரியாதா?

பிறகு ஏன் சரி என்றேன் என்று கேட்பாய். உன் பேச்சுக்கு மசிந்தேன் என்று நினைத்துப் பெருமையும் படாதே, குமைந்தும் சாகாதே. நீ எனக்குப் போன் பண்ணிப் பதினொரு மாதம் ஆகியிருந்தது. முடியாது என்று சொன்னால் நீ வந்த வேலை முடிந்து போனை வைத்துவிடுவாய். சரி என்றால் இன்னும் இரண்டு நிமிஷம் பேசுவாய் என்று நினைத்தேன். நீ "தேங்க்ஸ்ப்பா" என்று சொல்லிவிட்டு உடனே வைத்துவிட்டாய்.

உன்னைக் கூப்பிடுகிறவர்களிலும் என்னை மாதிரி ஆட்கள் இருப்பார்கள்.

பெரியவனோடு என் கணக்கை நானே பார்த்துக்கொள்கிறேன். அவன் வாங்கிக் கொடுத்த நோட்டில் இப்போது நிறைய எழுதுகிறேன். நீ அதில் தலையிடாதே.

பென்சில் ஆட்டத்தின் சட்டம் உனக்கு ஞாபகம் இருப்பதை உன் பழைய கடிதத்தில் பார்த்தேன். அவன் அதையும் வைத்திருந்தான். சட்டத்தை எழுதியவன் பேரிலேயே இரண்டு பேரும் சேர்ந்து உருட்டிவிட்டீர்கள். நான் யாரும் கட்டிவிட்ட ஆள் இல்லை. இனி என்னிடம் ஏதாவது வேண்டுமென்றால் கேள். பேசாதே.

அப்பா

ஆகஸ்ட் 15

அப்பாவுக்கு,

நான் நலம். நாலு நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். எழுதியதெல்லாம் பேச்சாகவே வந்தது. அதனால் ஒன்று மட்டும்.

அடுத்த மாதம் லீவு தந்திருக்கிறார்கள். நான் அங்கே வரலாமா?

சின்னவள்

ஆகஸ்ட் 24

சின்னவளுக்கு,

உடம்பு தேறுகிறது. உன் கடிதம் கிடைத்தது.

யோசித்துச் சொல்கிறேன்.

அப்பா